பாலிசியா, காப்பீட்டு அட்டையா?

கேள்வி: இரண்டரை ஏக்கரில் முருங்கையும் இரண்டு கறவை மாடுகளும்தான் எங்கள் பிழைப்பு. எனக்கு 31 வயது, மனைவிக்கு 27. மகளுக்கு 3 வயது. மனைவி இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. நான்கு பேருக்கும் சேர்த்து 3 லட்ச ரூபாய்க்கு மருத்துவப் பாலிசி எடுத்தால் பிரசவச் செலவும் கிடைத்துவிடும் என்கிறார் ஒரு ஏஜென்ட். எடுக்கலாமா?

- அரவக்குறிச்சி வட்டார வாசகர் ஒருவர்

பதில்: இந்தப் பிரசவத்துக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது. பிரசவச் செலவு தரும் பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. சிலவற்றில் 9 மாதம், பலவற்றில் 2, 3 ஆண்டுகள். கர்ப்பமான பிறகு எடுத்தால் அந்தக் குழந்தைக்கு உதவாது. வெள்ளம் வயலில் ஏறிய பிறகு பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்ட ஓடுவது போலத்தான் இது. பிரசவச் செலவு சேர்ந்த பாலிசிக்குக் கட்டணமும் கூடுதல். இரண்டாவது குழந்தையோடு போதும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் தொகை வீண்.

பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. சிசேரியன் ஆனாலும் அங்கே கட்டணம் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கியாகிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஏழைக் குடும்பத்துக் கர்ப்பிணிக்கு முதல் இரண்டு பிரசவங்கள் வரை ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. அந்த எண் இல்லாமல் அது நகராது.

அடுத்தது அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்தது. அப்போது தள்ளுபடி ஆனவர்களில் பலர் அதோடு விட்டுவிட்டார்கள். அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. பதிந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு, இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. தனியார் பாலிசியில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இருந்தால் மகனைச் சார்ந்த பெற்றோரும் சேர்கிறார்கள். சர்க்கரை உள்ள அப்பாவுக்கு இதைவிட நல்லது கடையில் கிடைக்காது. ஆனால் காய்ச்சலுக்கு ஊசி போட்டு வருவது போன்ற புறநோயாளிச் செலவுக்கு அட்டை செல்லாது. திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். எந்த மருத்துவமனை என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் படுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தை பிறந்ததும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, குடும்ப அட்டையில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பெயர் வைக்கும் விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது நம் ஊர் வழக்கம். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம்.

அப்படியானால் தனியார் பாலிசி தேவையே இல்லையா? வருமானம் வரம்பைத் தாண்டினால் தேவை. அவசரத்துக்கு ஓடும் பக்கத்து ஊர் மருத்துவமனை அரசுத் திட்டத்தில் இல்லாவிட்டாலும், வசதி இருந்தால் எடுக்கலாம். அப்போதும் ஏஜென்ட் சொன்ன விதத்தில் வேண்டாம். குடும்பப் பாலிசியில் மூத்தவர் வயதை வைத்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். அப்பாவைச் சேர்த்தால் 31 வயதுக்காரர் 62 வயதுக் கணக்கில் கட்ட நேரிடும். அப்பா ஒரு முறை படுத்தாலே மொத்தத் தொகையும் கரைந்து, அந்த ஆண்டு குழந்தைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். கணவன், மனைவி, மகள் மூவருக்கும் ஒன்று. அப்பாவுக்கு அட்டை, அல்லது தனிப் பாலிசி. பிறக்கப்போகும் குழந்தையைப் பல பாலிசிகளில் மூன்று மாதம் முடிந்ததும் சேர்க்கலாம். நிறுவனத்துக்குத் தெரிவித்தால்தான் சேரும்.

தொகை எத்தனை லட்சம் என்பதைப் போலவே அறை வாடகை வரம்பையும் பார்க்க வேண்டும். 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறைக்கு 1 சதவீதம் என்று இருந்தால் நாளைக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் படுத்தால் வாடகை 24,000-இல் 12,000-தான் கிடைக்கும். அதோடு போனால் பரவாயில்லை. டாக்டர், அறுவை அரங்கு போன்ற செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அது 80,000 என்றால் வருவது 40,000. மருந்துக்கு அந்த வெட்டு இல்லை. மருந்துக்கு 30,000 என்று வைத்தால், 1,34,000 ரூபாய் பில்லில் 52,000 கையிலிருந்து போகும். ஒரு கறவை மாட்டை விற்க வேண்டிய தொகை அது.

எல்லா நிறுவனமும் ஒரே விதிகளோடு விற்கும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியை முதலில் விசாரிக்கலாம். அதில் பிரசவச் செலவு கிடையாது. பில்லில் 5 சதவீதம் நம் பங்கு. விதிகள் பொதுவானவை என்பதால் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. இன்னும் வரி சேர்த்துச் சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

அப்பாவுக்குத் தனியாக எடுத்தால் சர்க்கரையை மறைக்கக் கூடாது. "எழுதினால் கட்டணம் ஏறும், விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் ஏஜென்ட், கோரிக்கை தள்ளுபடியாகும் நாளில் வரமாட்டார். விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் அதிகபட்சம் 3 ஆண்டுக் காத்திருப்போடு முடிந்துவிடும்.

பாலிசி எடுக்கும் மாதமும் முக்கியம். ஆண்டுதோறும் அதே தேதியில்தான் புதுப்பிக்க வேண்டும். முருங்கை வரத்து இருந்து கையில் காசு புழங்கும் மாதத்தில் எடுத்தால், அடுத்த ஆண்டு வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டியிருக்காது. ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அதையும் தவறவிட்டால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, ஏஜென்ட் சொன்னது அதில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கணவனும் மனைவியும் வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டையும் விட வேண்டாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுவதும் இதில் சேரும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போன பதிவு வேண்டும். மந்திரிக்கப் போய்த் தாமதித்தால் உயிருக்கும் ஆபத்து, பிறகு காட்ட ஆவணமும் இருக்காது.