ஊற்று நீர்: குடிக்க வழி, விற்கத் தடை

வத்திராயிருப்பிலிருந்து இராஜபாளையம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கோடை வந்தால் ஒரே பேச்சுதான். காட்டுக்குள் கசியும் ஊற்றுத் தண்ணீர் யாருக்கு? புலிகள் காப்பகத்தில் குழாய்க்கு என்ன வேலை என்கிறது ஒரு தரப்பு. எங்கள் ஓடை, எங்கள் பாடு என்கிறது இன்னொரு தரப்பு. அடிவார விவசாயிகள், பளியர் பழங்குடிக் குடும்பங்கள், பட்டாசுத் தொழிலாளர்கள் ஆகியோர் கூடிய நீர் உரிமை அமைப்பு இதில் தன் நிலைப்பாட்டை ஊரறியச் சொல்கிறது: ஊற்றில் குடிநீர்ப் பங்கை யாரும் மறுக்கக் கூடாது, யாரும் விற்கவும் கூடாது.

அடிவாரத்துக்கு மேலே உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமானது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அந்த அணில் பெரும்பாலும் ஓடைக்கரை மரங்களில் கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. ஓடை செத்தால் அதற்கு இருப்பிடம் இல்லை.

ஊற்று பாறைக்குள் ஒளிந்திருக்கும் நதி அல்ல. பெய்த மழையை இலைமக்கும் மண்ணும் பிடித்து, பாறை வெடிப்புகளில் இறக்கி, மாதக்கணக்கில் கசிய விடுகின்றன. மேலே காடு கருகினால் கீழே ஊற்று இளைக்கும். மாதக்கணக்கில் பாறை தெரியக் கிடக்கும், சதுரகிரி மலைக்கோயில் வழி ஓடைகளில்தான் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஓடையில் ஒன்று வறட்சி, இல்லையேல் வெள்ளம்: இந்த மலையின் தண்ணீர்க் கணக்கு அப்படிப்பட்டது.

சட்டம் இப்போது முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, அனுமதியின்றிச் சரணாலய நீரோட்டத்தைத் திருப்புவதையும் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. உள்ளூர் மக்கள் குடிக்கவும் வீட்டுத் தேவைக்கும் நேர்மையாக நீர் எடுப்பது அந்தக் குற்றத்தில் சேராது என்று 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லிவிட்டது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும், கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த வனநிலத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது.

ஆகவே செண்பகத்தோப்பு, அத்திகோவில் போன்ற பளியர் குடியிருப்புகளுக்கு ஊற்றுநீர் கொண்டுவரும் சிறு குழாயைக் காப்பகத்தின் பெயர் சொல்லி நிறுத்துவதை அமைப்பு ஏற்காது. அதே வன உயிரினச் சட்டத்தை மறுபக்கமும் படிக்க வேண்டும். தோப்புக்குக் குழாய் இழுப்பதும், டிராக்டரில் ஏற்றிக் குடம் இத்தனை ரூபாய் என்று விற்பதும் 'வீட்டுத் தேவை' ஆகாது. உறுப்பினர்களிலேயே தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

எடுக்கும் முறையும் முக்கியம். ஊற்றுக்கண்ணை சிமெண்ட் பூசி அடைக்காமல், சற்றுக் கீழே சிறு தொட்டி கட்டி, வழியும் நீரை ஓடைக்கே விட வேண்டும். யானையும் மானும் அங்கேதான் குடிக்கின்றன. ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை அளந்து கிராம சபையில் எழுதி வைத்தாலே ஊற்றின் உடல்நிலை தெரிந்துவிடும். சிக்கிமில் 2008-ல் தொடங்கிய ஊற்று மீட்புப் பணியில், ஊற்றுக்கு எந்தச் சரிவிலிருந்து நீர் ஊறுகிறது என்று கண்டறிந்து அங்கே அகழிகள் வெட்டினார்கள். இங்கே மேல்சரிவு காப்பகத்துக்குள் இருப்பதால், அகழி வெட்டுவதைவிடக் காட்டுத்தீயைத் தடுப்பதும் களைச்செடிகளை அகற்றுவதும் வனத்துறை செய்யக்கூடிய பெரிய நீர்ப்பணி.

பட்டாசு நகரமான சிவகாசியின் தாகம் தனிக் கணக்கு. தீக்குச்சியும் பட்டாசும் காய வறண்ட வெயில் கைகொடுத்தது. 1920-களில் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் பழகித் திரும்பிய அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் அதுவே வாய்ப்பானது. ஆனால் மருந்துக் கறையோடு வீடு திரும்பும் தொழிலாளிக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டுமே. அந்தத் தேவையைக் காட்டி மலைக்குள் புதுத் தடுப்பணையோ நகரத்துக்குப் பெருங்குழாயோ கேட்பதை அமைப்பு எதிர்க்கிறது. மலையோடைகளில் ஒரு பகுதியின் நீர் வைப்பாற்றில் சேர்ந்து வெம்பக்கோட்டை அணைக்கு வருகிறது. அந்த அணையையும் வழியிலுள்ள கண்மாய்களையும் தூர்வாரி, வரத்துக்கால் ஆக்கிரமிப்புகளை நீர்வளத்துறை அகற்றட்டும். செலவில் ஒரு பங்கைப் பட்டாசு, அச்சு ஆலைகளிடம் கேட்க அமைப்புக்குத் தயக்கமில்லை.