எழுபதில் எதற்குக் குட்டி நாய்?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் சைபீரியன் ஹஸ்கி குட்டி வாங்கியிருக்கிறார். பனியில் வண்டி இழுக்கிற இனம். மரக்காணத்து வெயிலில், பாத்தியில் உப்பு விளைகிற ஊரில், அது டைல்ஸ் தரையோடு ஒட்டி மூச்சிரைத்துக் கிடக்கிறது. கேட்டால், "ஏ.சி. போட்டிருக்கேன் சார்" என்கிறார். நாயிலும் ஜாதி பார்க்கிற புத்தி நமக்கு எப்போது போகுமோ!

அதைவிட எனக்குக் கோபம் வேறு. அவருக்கு 71 வயது. நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும். அப்போது அதை யார் நடத்திக் கூட்டிப் போவது? பெங்களூரிலிருந்து மகனா வருவான்?

சென்னை புளூ கிராஸ் 1959-ல் தொடங்கியது. நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே செய்து காட்டியவர்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது: விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் மனுக் கொடுத்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் மறுபடி தெருவில் விடக்கூடாது. தெருநாய்த் தொல்லை என்று டீக்கடையில் கத்துகிற நாம் எத்தனை பேர் மனுக் கொடுத்தோம்?

நான் சென்னைக் காப்பகம் ஒன்றிலிருந்து கொண்டுவந்த கருப்பிக்கு ஏழெட்டு வயது இருக்கும். கருத்தடை, வெறிநாய்த் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. பின்னங்கால் கொஞ்சம் தாங்கும், எனக்கு முழங்கால். இரண்டு பேரும் உப்பளக் கரையில் ஒரே வேகத்தில் நடக்கிறோம்.

குட்டிக்கு ஆள் கிடைக்கும். வயதான நாயை யாரும் கேட்பதில்லை. அடுத்த மாதம் செக்கப்புக்குச் சென்னை போகிறவர்கள் சொல்லுங்கள், காப்பகத்துக்கு நானும் கூட வருகிறேன்.