பாரவூர்திகளின் அன்றாடச் சோதனையும் சிறு பழுதும்: பொறுப்பை வகுத்துத் தருமாறு கோரும் மனு

பெறுநர்: அரசாங்க அதிபர், மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.

பிரதிகள்: மாகாண மோட்டார் போக்குவரத்து ஆணையாளர், கிழக்கு மாகாணம், பிரதிப் பொலிஸ் மா அதிபர், மட்டக்களப்பு, தொழில் திணைக்களம், மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் லொறி, டிப்பர், குளிரூட்டி வண்டி ஓட்டும் சாரதிகளின் சங்கத்தின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். ஏதாவதொரு கடமையிலிருந்து விலக்குக் கேட்டு நாம் வரவில்லை. வண்டியை எடுக்குமுன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதும், கைச்சாவியால் தீரக்கூடிய சிறு பழுதைத் தீர்ப்பதும் சாரதியின் வேலைதான் என்பதை ஏற்கிறோம். ஆனால் அந்த வேலைக்கான நேரமும் கருவியும் தரப்படுவதில்லை. சொன்ன பழுதைப் பதிய ஒரு தாளும் இல்லை. ஓடத் தகாத வண்டியை எடுக்க மறுக்கும் உரிமையும் இல்லை. பொறுப்பு மட்டும் எம்மிடம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை மாற்றித் தருமாறே கேட்கிறோம்.

எமது பிரதேசத்தில் இதற்குத் தனி அவசரம் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் வண்டியை உப்புக்காற்று ஓயாமல் அரிக்கிறது. பிறேக் குழாய், பற்றரி முனை, லைற் ஹோல்டர், எர்த் வயர் என்பன கடலிலிருந்து விலகிய இடங்களில் ஓடும் வண்டிகளைவிட இங்கே விரைவில் துருப்பிடிக்கின்றன. மாரியில் வெள்ளம் ஏறிய வீதியைக் கடந்தால் பிறேக் டிரம்முக்குள்ளும் தண்ணீர் போகிறது. கல்லடிப் புதிய பாலம் 2013 இலும் மண்முனைப் பாலம் 2014 இலும் திறக்கப்பட்டபின், முன்னர் மண்முனைத் துறையில் படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்த சுமைகள் நேரே படுவான்கரைக்குள் போய் வருகின்றன. அறுவடைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து நெல் மூட்டைகளுடன் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. இவற்றில் ஒரு பகுதி செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் ஓடுபவை. போகும்போது ஏற்றம், மரக்கறி ஏற்றித் திரும்பும்போது இறக்கம். போதாததற்கு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகளே ஆண்டுக்கணக்கில் மேலும் ஓடின. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியபோது உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. மாற்றவேண்டிய பாகத்தைத் தட்டிக்கொட்டி ஓட்டும் வழக்கம் அப்போது வலுத்தது. இன்னும் முழுதாக விடவில்லை.

சிறு பழுது எது, பெரும் பழுது எது என்று எழுத்தில் யாரும் எமக்குச் சொன்னதில்லை. பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். எப்போதும் தெரியாது. சிறிய லொறிகளில் பிறேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மட்டம் தாழ்ந்திருந்தால், போத்தலைத் திறந்து ஊற்றி நிரப்புவது ஒரு நிமிட வேலை. அப்படி நிரப்பிக்கொண்டு புறப்படுவது சாமர்த்தியம் போலவும் தெரியும். உண்மையில் அந்த எண்ணெய் சும்மா குறைவதில்லை: எங்கோ கசிகிறது, அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது. மேலும் அது ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் குமிழி கட்டினால், மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே மட்டத்தைப் பார்ப்பது சாரதியின் வேலை. ஏன் குறைந்தது என்று கண்டு திருத்துவது கராஜின் வேலை. காற்றுப் பிறேக் உள்ள பெரிய வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே காற்றுத் தாங்கியின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவது முழுக்கச் சாரதியின் பொறுப்பே. அதைச் செய்யாமல் விட்டு வால்வு துருப்பிடித்தால் முதலாளியை நோவதில் நியாயமில்லை. எரிந்துபோன பல்ப், பியூஸ், வைப்பர் ரப்பர், ரயர் காற்று, சில்லு மாற்றியபின் சிறிது தூரம் ஓடி மறுபடி இறுக்கவேண்டிய நட்டு ஆகியனவும் எம்முடையவையே. அதே பல்ப் மூன்றாம் முறையும் எரிந்தால் அது வயரிங் பழுது. அங்கே எமது எல்லை முடிகிறது.

இன்றைய ஏற்பாட்டின்படி லொறிக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது அவசியமானதுதான். ஆனால் சோதித்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். எட்டு மாதம் உப்புக்காற்றில் நின்றபின் எப்படி இருக்கிறது என்பதை அன்றாடம் பார்ப்பவரே சொல்ல முடியும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லையிலும் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்தபின், வண்டிகளின் தகுதி பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது. சோதனை கடுமையாவதை வரவேற்கிறோம். ஆயினும் வீதியில் மறிக்கும்போது அகப்படுபவர் சாரதி. வாங்கிக்கொள்ளப்படுவது அவருடைய அனுமதிப்பத்திரம். தேய்ந்த ரயரை மாற்றப் பணம் ஒதுக்காதவர் அந்த இடத்தில் இருப்பதில்லை.

பிரித்தானியாவின் பாத் நகரில் 2015 பெப்ரவரியில் நடந்ததை இங்கே எடுத்துக்காட்டுகிறோம். பிறேக் கெட்ட டிப்பர் ஒன்று செங்குத்து இறக்கத்தில் கட்டுப்பாடிழந்து நால்வரைக் கொன்றது. வழக்கின் முடிவில் சிறை சென்றவர்கள் நிறுவன உரிமையாளரும் அவருடைய மெக்கானிக்கும். இளம் சாரதி விடுவிக்கப்பட்டார். சாரதிக்குப் பொறுப்பே இல்லை என்று அந்நாடு சொல்லவில்லை. புறப்படுமுன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது அங்கே சாரதியின் கடமை. ஆனால் வண்டியைப் பேணும் பொறுப்பு நிறுவனத்துடையது என்பதில் மயக்கம் வைக்கவில்லை.

பழுதை எழுதும் உரிமை கொடுத்தால் சாரதிமார் அதையே சாட்டாக வைத்து வேலைக்குக் கள்ளம் அடிப்பார்கள் என்று சில உரிமையாளர்கள் சொல்கிறார்கள். ட்ரிப்புக்குக் கூலி வாங்கும் எமக்கு வண்டி நின்றால் வருமானமும் நிற்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பொய்யாக எழுதினாலும் மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். தாளும் பேனையும் வெறும் அலுவலகச் சடங்காகிவிடும் என்ற ஆட்சேபத்தில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவில் லொறிச் சாரதிகள் பழுது இல்லாத நாளிலும் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் அந்தக் கட்டாயத்தை நீக்கி, பழுது கண்டால் மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். எழுதிய பழுதை நிறுவனம் திருத்தி ஒப்பமிடுவதும், அடுத்து வண்டி எடுப்பவர் அதைப் பார்ப்பதும் அப்படியே தொடர்கின்றன. அந்தளவே இங்கும் போதும். ஒரேயொரு வண்டியை வைத்துத் தானே ஓட்டும் சிறு உரிமையாளருக்கு இது பாரம் என்பதே எமக்கும் கடினமான ஆட்சேபமாகத் தெரிகிறது. அவரிடம் அறிக்கை கேட்பதில் பொருளில்லை. சோதனைப் பட்டியலைக் கொடுத்தால் போதும்.

ஆகவே, சாரதி தீர்க்கவேண்டிய சிறு பழுதுகளையும், தொடக்கூடாத பிறேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் பழுதுகளையும் பிரித்துக்காட்டும் ஒற்றைப்பக்கப் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைப் பணிக்கும்படி கேட்கிறோம். சம்பளத்துக்குச் சாரதி வைத்திருக்கும் உரிமையாளர் ஒவ்வொரு வண்டியிலும் பழுதுப் புத்தகம், மேலதிக பல்ப், பியூஸ், காற்றளவுமானி, சில்லுச் சாவி வைத்திருக்கவேண்டும். சோதனைக்குச் செலவாகும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுவதைத் தொழில் திணைக்களம் உறுதிசெய்யவேண்டும். வீதிச் சோதனையில் பல்ப் போன்ற சிறு பழுது பிடிபட்டு, சாரதி அங்கேயே திருத்திவிட்டால் எச்சரிக்கையுடன் விடவேண்டும். முன்னரே எழுதிக் கொடுத்த பெரும் பழுதுக்கு உரிமையாளர் பெயரிலேயே வழக்கு வைக்கவேண்டும். எழுதாமல் ஓட்டிய சாரதிக்கு இந்தச் சலுகை வேண்டாம். பெரும் பழுதைக் காட்டி வண்டி எடுக்க மறுத்தவரை வேலையிலிருந்து நிறுத்தினால், அந்த முறைப்பாட்டைத் தொழில் திணைக்களம் தாமதமின்றி விசாரிக்கவேண்டும்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்து, உரிமையாளர்களையும் எம்மையும் ஒரே மேசைக்கு அழைக்குமாறும், பெரும்போக அறுவடை லொறிகள் ஓடத் தொடங்குமுன் அந்தப் பட்டியலையாவது வெளியிட ஆவன செய்யுமாறும் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
சாரதிகள் சங்கத்தின் சார்பில்
மட்டக்களப்பு