"மேல்" என்றால் என்ன?

கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க வேண்டுமானால் அதன் பாஷையை நாம் கற்றாக வேண்டும் என்றிருந்த காலம் மலையேறி வருகிறது. 1950-களிலேயே கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்க அம்மையார், இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொண்டு யந்திரத்துக்குக் கட்டளையிட வழி செய்தார். இப்போது செயற்கை அறிவிடம் நம் வீட்டுத் தமிழிலேயே சொன்னால் போதும். நிரலை அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

உபாத்தியாயனுக்கு ஆசை வராதா? ஒரு நாள் இரவு வடபழனியில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாப் பாடங்களிலும் 35-க்கு மேல் வாங்கியவர்கள் தேர்ச்சி, மற்றவர்களைத் தனியே காட்ட ஒரு நிரல் எழுது" என்று உத்தரவிட்டேன். காபி ஆறுவதற்குள் நிரல் தயார். வகுப்பு மார்க்குகளை அதில் போட்டதும் பட்டியலும் தயார். தோற்றவர் வரிசையிலே, கணக்கில் சரியாக 35 வாங்கிய பையன் ஒருவனும் இருந்தான்!

35 வாங்கினால் தேர்ச்சி என்பது நம் ராஜ்யத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். யந்திரத்தைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால், "மேல்" என்று சொன்னது யார்? நான்தானே! அந்தப் பட்டியலைச் சரிபாராமல் ஒட்டியிருந்தால், ஒரு வீட்டில் அன்றிரவு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

முத்தையா அண்ணாமலை என்ற தமிழர் "எழில்" என்னும் நிரல் மொழியை அமைத்து, 2009-ல் அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். "பதிப்பி", "ஆனால்", "முடி" என்று அதன் கட்டளைகள் தமிழிலேயே அமைந்தவை. இருப்பினும், 35-ஐச் சேர்ப்பதா விடுவதா என்பதை அங்கே கணிதக் குறியிட்டுத் தீர்மானித்தே ஆகவேண்டும். பேச்சுமொழியில் அந்தக் காவல் இல்லை. நாம் சொல்லாமல் விட்டதை யந்திரம் தானே ஊகித்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆகவே, இவ்வித நிரலை நம்புமுன் 34, 35, 36 என்று எல்லையோரத்து எண்களைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். "தமிழ் படித்து என்ன லாபம்?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: ஐயத்துக்கு இடமின்றி ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இனி சுயபாஷையே கம்ப்யூட்டர் பாஷையாகவும் உதவும். மயக்கமாக எழுதுகிறவனுக்கு எந்தப் பாஷையும் உதவாது.

"35-ம் அதற்கு மேலும்" என்று திருத்திச் சொன்னேன். பையன் தேறிவிட்டான். அன்று வாக்கியப் பாடத்தில் தோற்றவர் உபாத்தியாயர் மட்டுமே.