ஊரி பாடினால் என்ன குறைச்சல்?

‘எல்லாத்துக்கும் சயின்ஸ் சொல்லி ரசனையைக் கொன்னுடாதீங்க பாஸ்!’ கடலுக்கடியில் கேட்கும் விநோத சத்தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இந்த வசனம் வந்துவிடுகிறது. யூடியூப் மர்மக் கதைசொல்லிகள் சொன்னால் பரவாயில்லை, அவர்களுக்கு வியூஸ் வேண்டும். நாலு நல்ல புத்தகம் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். விளக்கம் வந்தால் வியப்பு போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். எனக்கு இது ரசனையாகத் தெரியவில்லை, சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது.

முதலில் எல்லோருக்கும் பிடித்த ‘ப்ளூப்’. 1997இல் அமெரிக்காவின் நோவா அமைப்பு பசிபிக் கடலில் போட்டுவைத்திருந்த ஹைட்ரோபோன்களில் பதிவான சத்தம் அது. ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த கருவிகளுக்கும் எட்டியது. திமிங்கிலத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று கீழே இருக்கிறது என்று எத்தனை வீடியோக்கள்! பின்னாளில் அண்டார்டிகா பக்கம் பனிப்பாறைகள் விரிசல்விட்டு உடையும் சத்தங்களோடு ஒப்பிட்டபோது, இதுவும் அதே ரகம் என்று தெரிந்தது. வீடியோக்காரர்கள் சொல்லாத ஒரு சங்கதியும் உண்டு. நாம் கேட்கும் அந்த ‘ப்ளூப்’ 16 மடங்கு வேகமாக ஓட்டப்பட்டது. அந்த அரக்கனில் பாதி ப்ளேபேக் ஸ்பீடு.

எங்கோ ஒரு பனிமலை உடைகிற ஓசை சமுத்திரத்தைத் தாண்டிக் கேட்கிறது. தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். வியப்பதற்கு இது போதாதா?

இன்னொன்று, 2014இல் மரியானா அகழிப் பக்கம் பதிவான ‘பயோட்வாங்’. கம்பியை மீட்டியதுபோல ஒரு உலோக ஒலி. அது பிரைட்ஸ் திமிங்கிலத்தின் குரல் என்று 2024இல்தான் உறுதியானது. ஆராய்ச்சியாளர்கள் கப்பலில் போய்த் திமிங்கிலங்களைக் கண்ணால் பார்த்தார்கள். 2 லட்சம் மணி நேரத்துக்கும் மேலான ஒலிப்பதிவுகளை மெஷின் லேர்னிங் கொண்டு சலித்தார்கள். இந்த உழைப்பையா ‘ரசனையைக் கொல்வது’ என்கிறீர்கள்?

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன் நாடு’ என்பார்கள். நிலா வெளிச்ச இரவில், கல்லடிப் பாலத்தின் பக்கம், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் வாவிக்குள் இசை கேட்கும் என்பது அங்கே தலைமுறைகளாக வழங்கும் பேச்சு. வெறும் கட்டுக்கதை இல்லை. 1848இல் எமர்சன் டெனன்ட் படகில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். 1950களில் லாங் என்ற அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் அதை ஒலிப்பதிவே செய்தார்.

டெனன்ட்டிடம் உள்ளூர் மீனவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கடற்கன்னி என்றில்லை. ‘ஊரி’ என்றார்கள். ஊரி என்றால் சிப்பி, நத்தை வகை. கத்துகிற ஊரி என்று அதற்குத் தமிழில் பெயரே வைத்திருந்தார்கள். அந்தச் சிப்பிகளை அள்ளிக்கொண்டுவந்து காட்டவும் செய்தார்கள். அவர்கள் சொன்னது சரியா தவறா என்பது வேறு விஷயம். சத்தம் கேட்டதும் உயிரைத் தேடினார்களே, அதுதான் முக்கியம். கடற்கன்னியைக் கொண்டாடுகிற நாம், காது கொடுத்துக் கேட்ட அந்த மனிதர்களைத்தான் கதையிலிருந்து துடைத்துவிட்டோம்.

‘இன்னமும் எந்த உயிரினம்னு முடிவாகலையே?’ என்பீர்கள். ஆகவில்லைதான். ஆனால் பெயர் தெரியவில்லை என்பதும் விளக்கமே கிடையாது என்பதும் ஒன்றல்ல. கடலூரிலிருந்து எங்கள் ஊர் மீன்கடைக்கு வரும் கத்தாளையே சத்தம் போடுகிற மீன்தான். காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவிட்டு உறுமும். மீன் ஒலியெழுப்புவது இயற்கையில் ஒன்றும் அபூர்வம் இல்லை.

எங்கள் ஊர் என்றது நெய்வேலியை. ஒரு மர்மத்தை அப்படியே விடாததால் உருவான ஊர் அது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. சாமி குத்தம் என்று மூடியிருக்கலாம். அவர் அது என்னவென்று கேட்டார். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனமே வந்துவிட்டது. அதனால் வந்த நல்லதையும் கெட்டதையும் பற்றி இன்றும் சண்டை போடுகிறோம். மண்ணுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததால்தான் அந்தச் சண்டையாவது போட முடிகிறது.

மட்டக்களப்பு விஷயத்திலும் என் கோபம் இதுதான். பாடுவது ஓர் உயிர் என்றால் அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், முட்டையிட இடம் வேண்டும், கண்டல் காடு வேண்டும், படகு மோட்டார் இரைச்சல் இல்லாத கொஞ்சம் அமைதி வேண்டும். இதையெல்லாம் யாரிடமாவது கேட்டு வாங்க முடியும். மர்மத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. வாவி செத்த பிறகும் கடற்கன்னிக் கதை சௌக்கியமாக இருக்கும், பழைய ஒலிப்பதிவை ஓட்டி வியூஸும் வாங்கும்.

ஆகவே, ‘மர்மமாகவே இருக்கட்டுமே’ என்று அடுத்த முறை யாராவது உருகினால், யாருடைய உயிர் போனாலும் பரவாயில்லையா என்று கேளுங்கள்.