வாய்க்கு விருந்துண்டு, செவிக்கு?

சென்னையின் தென்வாயிலில் ஒரு புதுநகர் எழுந்து நிற்கின்றது. தாம்பரங் கடந்து தெற்கு நோக்கி ஓடும் பெருநெடுஞ்சாலையின் இருமருங்கும், வண்டலூர் தொடங்கிக் கூடுவாஞ்சேரி, பொத்தேரி வழியாக மறைமலை நகர் வரை, முன்பு வயலும் ஏரியும் தோப்புமாய்க் கிடந்த நிலம் இன்று அடுக்ககங்களும் கல்லூரிகளும் தொழிற்கூடங்களுமாய் மாறிவிட்டது. நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சி ஆயிற்று. 2023 திசம்பர் 30இல் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்பாண்டித் தமிழன் சென்னைக்கு வந்து முதலடி வைக்கும் மண்ணும் இதுவே ஆயிற்று.

மாலை மங்கியபின் இச்சாலையில் நடந்து பாருங்கள். விளக்கொளியில் ஊரே திருவிழாக் கோலம் பூண்டிருக்கும். அரபு நாட்டுச் சவர்மா ஒருபால். சீனத்துச் சேவை ஒருபால். கல்லில் தட்டும் கொத்துப் புரோட்டாவின் தாளம் ஒருபால். படிக்கும் பிள்ளைகளும், வேலை முடித்துத் திரும்பும் இளைஞர்களும் நள்ளிரவு வரை கூடிக் களிக்கின்றனர். இக்களிப்பை நாம் பழிக்கவில்லை. உழைத்த உடம்பு உண்ணட்டும்; இளமை சிரிக்கட்டும். பிறநாட்டு உணவு வருவதால் தமிழ் அழிந்துவிடாது. நாம் கேட்பது வேறு. இவ்வளவு பெரிய கடைத்தெருவில் தமிழ் எங்கே இருக்கின்றது?

பெயர்ப்பலகைகளை நிமிர்ந்து பாருங்கள். இட்டலி விற்பவனும் அதனை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துள்ளான். தேநீர்க்கடைக்கும் ஆங்கிலப் பெயர். அடுமனைக்கும் ஆங்கிலப் பெயர். விற்பவன் தமிழன், வாங்குபவன் தமிழன், இடையில் நிற்கும் பலகை மட்டும் அயலான்! கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்றும், பிறமொழி சேர்ப்பின் தமிழே மேலோங்கி நிற்றல் வேண்டும் என்றும் தமிழ்நாட்டில் விதி உண்டு. விதி ஏட்டில் உறங்க, வணிகம் தெருவில் விழித்திருக்கின்றது.

“புதுப்பண்டங்கட்குத் தமிழில் பெயரேது?” என்பர் சிலர். அவர்கட்கு நம் சமையற்கட்டே விடை கூறும். மிளகாய் நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்க மண்ணிலிருந்து 16ஆம் நூற்றாண்டளவில் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. நம் முன்னோர் அதனை விரட்டவில்லை, அயற்பெயரோடு விழுங்கவுமில்லை. தம் மிளகின் உறைப்பை அதிற்கண்டு ‘மிளகாய்’ எனப் பெயரிட்டுத் தமதாக்கிக் கொண்டனர். உருளைக்கிழங்கும் அவ்வாறே நம்முடையதாயிற்று. எழுத்தறியா உழவனும் செய்த அப்பணியைப் பட்டம் பெற்ற தலைமுறை செய்யலாகாதா? ஈழத்தமிழர் அடுமனையை ‘வெதுப்பகம்’ என்றும், பனிக்கூழைக் ‘குளிர்களி’ என்றும் வழங்கிக் காட்டினர். சொல்லுக்குப் பஞ்சமில்லை, சொல்ல நாணுவதே நம் நோய்.

இந்நெடுஞ்சாலை வெறுஞ்சாலையன்று. இதன் வடபாலுள்ள பல்லாவரத்தில்தான் 1863இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இம்மண்ணின் மாந்த வாழ்வு எத்துணைத் தொன்மையானது என்பதை உலகிற்குக் காட்டினார். தென்பாலில், செங்கற்பட்டையடுத்த வல்லத்தில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்றுளது. அதனைச் செய்வித்த கந்தசேனன் என்பான் தன் பெயரையும் தந்தை பெயரையும் தமிழிலேயே கல்லில் வெட்டுவித்தான். வடமொழிப் பட்டங்களைப் பெருமையாகச் சூடிய வேந்தனுக்கு அடங்கிய அச்சிற்றரசன் மகன், 1,400 ஆண்டுகட்கு முன், தன் பணியைத் தமிழில் அறிவிக்க நாணவில்லை. இன்று பத்தடிக் கடை திறப்பவன் நாணுகின்றான்!

இனி இரவு வாழ்க்கைக்கு வருவோம். இரவில் விழித்திருத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதவிழா நிகழும்போது, பகலில் கதைப்பொழிவும் இரவு முழுதும் தெருக்கூத்தும் நடைபெறும். முகவீணை ஒலிக்க, கட்டியங்காரன் நகைக்க, விடியும்வரை ஊரே கண்விழித்திருக்கும். அது உழைப்பாளர் கண்ட இரவுக் கலை. கட்டணமின்றி எவரும் அமர்ந்து துய்த்த கலை. அக்கலை மூப்படைந்துவிட்டது என்பார் அறியார். புரிசைக் கூத்தர்கள் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேசின் கதையையே கூத்தாக ஆடிக் காட்டினர். உலகை ஏற்கும் ஆற்றல் கூத்துக்கு உண்டு; கூத்துக்கு இடந்தரும் உள்ளந்தான் புதுநகருக்கு இல்லை. ஆயிரம் பேர் உண்ண இடமிருக்கும் சாலையில், நூறுபேர் அமர்ந்து கூத்துக் காண ஒரு களம் வேண்டாவா? செவிக்கும் உணவு வேண்டும் என்ற வள்ளுவர் வழிவந்தோர் வயிற்றோடு நின்றுவிடலாமா?

கூடுவாஞ்சேரியிலிருந்து தொடர்வண்டியில் தெற்கே மூன்றாம் நிலையம் மறைமலை நகர். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கங் கண்டு, இதே சாலைப் பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்த அடிகளாரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. தம் பெயரையே தமிழாக்கிய சான்றோர்க்கு ஊரைப் பெயராகச் சூட்டிவிட்டு, அவ்வூர்க் கடைப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவது பெருமை செய்வதா, எள்ளி நகைப்பதா?

அரசை மட்டும் நம்பிப் பயனில்லை. 2020 சூன் திங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கேற்பத் திருத்தி ஆணை வந்தது. சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. கூடுவாஞ்சேரியின் முதல் வல்லொலி ஆங்கில எழுத்தில் இன்றும் மெலிந்தே நிற்கின்றது. எனவே மக்களே முனைதல் வேண்டும்.

இளைஞர்களே! நீங்கள் நாள்தோறும் செல்லும் கடைக்காரரிடம் இன்முகத்தோடு கேளுங்கள்: “ஐயா, உங்கள் பலகையில் தமிழ் எங்கே?” பத்துப்பேர் கேட்டால் அவர் எண்ணிப் பார்ப்பார், நூறுபேர் கேட்டால் பலகையை மாற்றுவார். வணிகன் வாங்குவோன் சொல்லுக்குச் செவிசாய்ப்பான். நகராட்சியிடம் கூத்துக்களம் ஒன்று கேளுங்கள். விடுமுறையில் வல்லத்துக் குடைவரையைச் சென்று காணுங்கள். உண்ணுங்கள், களியுங்கள், தமிழாக உண்ணுங்கள், தமிழாகக் களியுங்கள். அன்றுதான் இப்புதுநகர் நம் நகராகும்.