12 சென்டுக்குக் கீழே வெயில் அடிக்காதா?

2018-இல் ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதிகளை வெளியிட்டது. பெயர் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’. (அதற்கும் சமஸ்கிருதம்தான் கிடைத்திருக்கிறது.) கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு அது ஓர் உச்சவரம்பு வைக்கிறது: ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு 1.2 வாட். நல்ல விதிதான். காப்பு எதுவுமில்லாத வெறும் காங்கிரீட் தளத்தில் இது 3-ஐத் தாண்டும்.

ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே இந்த விதி. நம் கணக்கில் 12 சென்டுக்குச் சற்று மேல். தெலங்கானாவின் 2023 குளிர்கூரைக் கொள்கையும் 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனையில் உள்ள வீடுகளுக்குக் கட்டாயமில்லை என்கிறது. அதுவும் ஏறக்குறைய அதே அளவு. சேரியில் யாருக்கு 12 சென்ட் மனை இருக்கிறது? அரசு பட்டா கொடுத்ததே இரண்டு சென்ட், மூன்று சென்ட். எழுதியவர்கள் சாதியை நினைக்காமலேகூட எழுதியிருக்கலாம். நிலத்தின் அளவை வைத்துக் கோடு கிழித்தால், இந்த நாட்டில் அது சாதிக் கோட்டின் மேல்தான் போய் விழும்.

தொகுப்பு வீடுகளில் மே மாதத்தில் தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிக்கு மேலும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடும். சூளையிலும் வயலிலும் நின்ற உடம்பு ஆற வேண்டிய நேரம் அது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம்.

தீர்வு ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. காப்பைத் தளத்துக்கு மேலே போட வேண்டும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடித்தால் காங்கிரீட் சுட்டுக்கொண்டேதான் இருக்கும், விரிசல் விடும். தாழ்வான அறை இன்னும் தாழ்ந்துபோகும். தண்ணீர் ஓட வாட்டம், அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு, அதற்கும் மேல் 50 மில்லிமீட்டர் அடர்த்தியான நுரைப் பலகை, கடைசியில் சிமென்ட் பூச்சும் வெள்ளை ஓடும். பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டால் சூடு அந்த வழியாக இறங்கும். ஒழுங்காகப் போட்டால் அந்த 3, 1-க்கும் கீழே வந்துவிடும். பழைய மெட்ராஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டோடும் ஓரளவு இந்த வேலையைத்தான் செய்தன. அதையும் ‘செலவு’ என்று விட்டுவிட்டு வெறும் தளத்தோடு சாவியைக் கொடுக்கிறார்கள்.

வெள்ளையடித்தால் போதாதா என்பார்கள். சூடு குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் தூசி படியப் படிய வெயிலைத் திருப்பும் திறன் குறைந்துபோகும். சுண்ணாம்பு மழையில் கரையும். வருடாவருடம் அடிக்க யார் பணம் கொடுப்பார்கள் என்பதையும் அவர்களே சொல்லட்டும். கல்நார் ஷீட் வேய்ந்த வீடுகளில் நிலைமை இன்னும் மோசம்: அதைத் தேய்க்கவோ துளையிடவோ கூடாது, இழை நுரையீரலுக்குள் போகும். அங்கே கூரையையே மாற்றித் தர வேண்டும்.

மனை வரம்பைக் குறைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அந்தச் சம்ஹிதாவே மாநிலங்களுக்குத் தருகிறது. தமிழ்நாடு அரசு அதைப் பயன்படுத்த வேண்டும். அரசுப் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும், மனை எத்தனை சென்ட் என்று பாராமல், அதே 1.2 பொருந்த வேண்டும். அதற்கான தொகை பயனாளியின் தலையில் விழாமல் மதிப்பீட்டிலேயே தனியாக இடம்பெற வேண்டும். அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்க் கனவு இல்லத்தின் மதிப்பீட்டை வாங்கிப் பாருங்கள், தோழர்களே. கூரைக் காப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள்.